கழற்ற முடியாத சட்டை

மாமல்லபுரம் கடற்கரையில் நான் செருப்புக் காவலாளியாக ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகடு அடிக்கும் பிரிவில், முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதே பிரிவில் ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போவோம். கடலில் ஒரு குளியல், பஸ் நிலையம் பக்கத்தில் பூரி கிழங்கு, பிறகு வீடு. அவ்வளவுதான். அதற்கே உலகம் சுற்றிவிட்டு வந்தவர்கள் போல வீட்டில் அளப்போம். அந்தக் கூட்டத்தில் வேட்டியையும் சட்டையையும் உருவிப் போட்டுவிட்டு அலைக்குள் முதலில் ஓடுகிறவன் நான்தான். அறுபதைத் தாண்டியும் அந்தக் கிறுக்கு போகவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிறு சட்டையைக் கழற்றாமல் மணலில் நின்றேன். சளி என்றேன். அடுத்த மாதம் காதில் சீழ் என்றேன். அதற்கடுத்த முறை யாரும் காரணமே கேட்கவில்லை. செருப்பு, செல்போன், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் என் காலடியில் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் மட்டும் தண்ணீர் சொட்டத் திரும்பி வந்து என் சட்டைப் பொத்தானில் கை வைத்தான்.

"இன்னா மச்சான், உள்ள பொண்டாட்டி நகையெல்லாம் மாட்டிகினு வந்துகீறியா? கழட்டு, பாக்கலாம்."

அவன் கையைத் தட்டிவிட்டேன். தட்டினேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக. உண்மையில் ஓங்கி அடித்தேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. பூரிக் கடையில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அன்றோடு எனக்கு அந்தக் கடல் முடிந்தது.

சட்டைக்குள் நகை இல்லை. முலை இருந்தது. நாசூக்கான வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொல்ல அது ஒன்றுதான் அகப்பட்டது.

சில வருடங்களுக்கு முன் எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அறுபது வயதுவரை அது இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அது என்னைக் கொல்ல ஆரம்பித்திருந்தது. என் மனைவிக்கும் வெளியூரில் இருக்கும் ஒரே மகளுக்கும் மட்டும்தான் சொன்னேன். சொந்த பந்தத்துக்கெல்லாம் குடலிறக்கம் என்று ஒரு கதை. நம் ஊரில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, செத்துப்போன இன்னொருவனைப் பற்றியே பேசிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ஆகாது.

எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குச் சாப்பாடு, அதை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்கும் என்றார். அதற்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தேன். பிறகு நோய் எலும்புக்குப் போய்விட்டது. புதிதாக வந்த ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள், என் கல்லீரல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போதுதான் டாக்டர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பழைய மருந்து ஒண்ணு இருக்கு. இப்ப யாரும் இதை முதல்ல எழுதறதில்ல. ஆனா உங்களுக்குக் கேக்கும்னு நினைக்கறேன். செயற்கை ஈஸ்ட்ரோஜன்" என்றார்.

"அது பொம்பளைங்க சமாச்சாரம் இல்லீங்களா மேடம்?"

"ஆமா. ஆண் ஹார்மோனை சுரக்கச் சொல்லி மூளைதான் உத்தரவு போடுது. ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் நிறைய ஓடறதைப் பாத்தா, ஹார்மோன் போதும் போலன்னு மூளை உத்தரவை நிறுத்திடும். மூளையை ஏமாத்தற வேலைதான்."

ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதன் பக்கத்தில் நிற்கப் பிடிக்காதவன் நான். கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். இதை எந்தப் பெண்ணின் உடம்பிலிருந்தும் எடுப்பதில்லை, ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள். இதே குடும்பத்து மருந்துகள்தான் கருத்தடை மாத்திரையில் இருக்கின்றன. சினைப்பை வேலை செய்யாத பெண் பிள்ளைகளுக்கும், மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு எரிகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்போகும் மருந்துக்கு ஒரு கெட்ட வரலாறும் உண்டு. கரு கலையாமல் இருக்க என்று ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள், அவர்கள் பெற்ற பெண் குழந்தைகளில் சிலருக்கு வளர்ந்த பிறகு புற்றுநோய் வந்தது. குழந்தை இறந்துபோன தாய்மார்களுக்குப் பால் வற்றுவதற்கும் இதைக் கொடுத்திருக்கிறார்கள், ரத்தம் உறைகிறது என்று தெரிந்ததும் அதையும் விட்டுவிட்டார்கள். கடைசியில் மிச்சம் இருப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கூடவே இன்னொரு மாத்திரை எழுதினார். கால் வீங்கினால் உடனே வரவேண்டும் என்றார். பிறகு, "மார்பு வளரும். முன்னாடியே அந்த இடத்துல கொஞ்சம் கதிர்வீச்சு கொடுத்துட்டா பெரும்பாலும் வளராது. கொடுத்துடலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "முப்பது வருசம் தகடு தூக்கின நெஞ்சு மேடம். இதுல என்ன வளரும்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மருந்துக் கடையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேடத்த சாப்ட்டப்புறம் போடச் சொல்லுங்க சார்" என்றாள். சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். எலும்பு வலி குறைந்தது. முன்பு போட்ட ஊசியால் கழுத்திலிருந்து அனல் ஏறி, ஃபேனுக்கடியிலேயே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுபோயிற்று. என் மனைவிக்கு அதில்தான் கோபம். "எனக்கு எத்தினி வருசம் இப்டி எரிஞ்சிது. இன்னாத்துக்கு எரியுதுன்னு கூட யாரும் கேக்கல. உங்களுக்கு மட்டும் மாத்திரயா?" என்றாள். அவள் எரிந்த வருடங்களில் நான் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

பிறகு அந்த நெஞ்சு வளர்ந்தது. முதலில் காம்புக்கடியில் ஒரு கட்டி. சட்டைத் துணி உரசினாலே உயிர் போகிற வலி. சில மாதங்களில் வெளியே தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. சுளுக்குக்குச் சுற்றும் பட்டைத் துணியை வாங்கி நெஞ்சை இறுக்கிச் சுற்றி, மேலே பனியன், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. சுற்றுவதும் நான்தான், மூச்சுவிட முடியாமல் திணறுவதும் நான்தான். என் அவஸ்தையைப் பார்த்த மனைவி ஒருநாள், "பேசாம என்னுதுல ஒண்ணு போட்டுக்கோங்க, வலியாவது இருக்காது" என்றாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் போன் செய்தார்.

செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, வரப்பு முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு. அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் நிலத்தையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டவர். அம்மா படுக்கையில் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"சின்னவனே, அம்மா கஞ்சிகூட எறக்க மாட்டேங்குது. பொண்டாட்டிய இட்டுகினு கெளம்பி வந்துடு. கொள்ளி நீதான வெக்கணும். சொல்லி வுட்டப்புறம் பஸ்ஸு கெடைக்கல, கிஸ்ஸு கெடைக்கலன்னா நல்லா இருக்காது."

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசிப் பிள்ளை. அப்பாவுக்கு அண்ணன் வைத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சட்டையில்லாமல், பங்காளிகள் எல்லோரும் சுற்றி நிற்க, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு, வெறும் மார்பில் பூணூலை மாட்டி நடத்தி வருவார்கள். சுடுகாடுவரை அப்படித்தான். கொள்ளிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று. மொத்த ஊரும் பார்க்கும்.

போனை வைத்ததும் என் கை தானாகச் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளே டாக்டரிடம் போனேன். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். வெயில் அதிகமாக இருக்கிறது என்று உளறினேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நிறுத்தினா இனிமே வளர்றது நிக்கலாம். வளர்ந்தது போகாது. ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம்தான். ஆனா நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்க, இப்ப அவசரமா கத்தி வைக்கிற உடம்பு இல்ல இது. மாத்திரையை நிறுத்தினா நோய்தான் எழுந்துக்கும்."

முன்னால் போனால் மார்பு, பின்னால் போனால் நோய். நான் வாங்கிக்கொண்டு வந்தது அவ்வளவுதான்.

அந்த வாரமே மனைவியோடு ஊருக்குப் போனேன். கிராமத்து வீட்டில் இருந்ததே ஒரு கூடமும் ஓர் உள்ளறையும். உள்ளறையில் அம்மா. கூடத்தில் நான், அண்ணன், பார்க்க வருகிறவர்கள். மே மாத வெயில் ஓட்டுக் கூரையை உருக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் எப்போது வருமென்று தெரியாது. அண்ணன் இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, தாசில்தாரைப் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பெண்களுக்காக ஓலை வைத்து மறைத்த இடத்தில் போய்க் குளித்தேன்.

"இன்னாடா, சொக்காவ கழட்டவே மாட்டியா? டவுனுக்குப் போனா ஒடம்பு காத்து கேக்காதா?" என்றார் அண்ணன். வந்தவர்கள் சிரித்தார்கள். பட்டைத் துணிக்குள் வேர்க்குரு கிளம்பி அரித்தது. சொறிந்தால் காம்பு வலித்தது. யாரும் பார்க்காதபோது கொல்லைப்புறம் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று மூச்சு வாங்குவேன்.

அம்மா சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பிள்ளையும் வேண்டிக்கொள்வதுதான். என் வேண்டுதலில் மட்டும் கலப்படம் இருந்தது. அவள் ஒரு வாய் கஞ்சி குடித்தால் எனக்கு வந்த நிம்மதியில் பாதி அவளுக்காக, மீதி என் சட்டைக்காக. அதை நினைக்கும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும். அந்த அருவருப்போடு அடுத்த கரண்டிக் கஞ்சியை அவள் வாயருகே கொண்டுபோவேன்.

ஒரு மத்தியானம் என் மனைவி அம்மாவின் துணியை மாற்ற வேண்டியிருந்தது. நான் அக்குளில் கை கொடுத்து அம்மாவைத் தூக்கி உட்கார்த்திப் பிடித்துக்கொண்டேன். பிடி நழுவி அவள் தலை என் நெஞ்சில் மோதியது. வலியில் என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். அம்மாவின் கண் திறந்தது. எலும்பும் தோலுமான கையைத் தூக்கி, சட்டைமேல் வைத்து, ஒரு பக்கம் அழுத்திப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள். நான் விலகவில்லை. விலகினால் அவள் விழுந்துவிடுவாள்.

"பாலு கட்டிகினு கீதாடா சின்னவனே?" என்றாள்.

என் மனைவி துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அம்மாவின் முகத்தில் அதிர்ச்சியோ சிரிப்போ எதுவும் இல்லை.

"கட்டிகினா இப்டித்தான் வலிக்கும். மல்லிப்பூவ நெருக்கமா தொடுத்து வெச்சிக் கட்டு. எறங்கிடும். உனுக்கு முன்ன ஒண்ணு பொறந்து போச்சே, அப்ப எனுக்கு நெஞ்சு கல்லாட்டம் ஆயிடிச்சி. பூ வெச்சித்தான் கட்டுனேன்."

எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்தது அதுவரை எனக்குத் தெரியாது. அம்மாவும் சொன்னதில்லை, அண்ணனும் சொன்னதில்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில், குடிக்க ஆளில்லாத பாலோடு அம்மா பூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பெரிய ஆஸ்பத்திரி எதற்காவது போயிருந்தால், நான் இப்போது விழுங்குகிற மருந்தையே அவளுக்கும் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அவளுக்குப் பால் வற்ற, எனக்கு முலை வளர. அவளைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் என் மனைவி செய்யூர் போய் மல்லிகை வாங்கி வந்தாள். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். "அவங்க சொல்லிகீறாங்க. கட்டிக்கோங்க" என்றாள். உள்ளறைக் கதவைச் சாத்தி, பட்டைத் துணியைப் பிரித்து, சரத்தைச் சுருட்டி வைத்துத் தன் பழைய புடவைக் கிழிசலால் தளர்வாகக் கட்டினாள். அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி குறைந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாலே இல்லாதபோது எதை வற்ற வைக்கும் அந்தப் பூ? ஆனால் குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை மாதத்தில் அந்த இடத்தைக் கசக்காமல் தொட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அம்மா அதிக நாள் இருக்கவில்லை. ஒரு காலை வேளையில், அண்ணன் கையால் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அழுதேன். அழும்போதே கை சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஷாமியானா வந்தது, நாற்காலிகள் வந்தன, மேளம் வந்தது. வெளியூர்ச் சொந்தங்கள் வேனில் வந்து இறங்கினார்கள். என் மனைவி ஒரு பெரிய துண்டைக் கொடுத்து, "ஈரத் துண்ட நல்லா போத்திக்கோங்க, யாருக்கும் தெரியாது" என்றாள். அதை நம்பித்தான் போனேன். அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும். அதற்கு முன் கொள்ளி வைக்கிறவன் குளிக்க வேண்டும். எங்கள் நிலத்து பம்புசெட்டுக்கு ஆண்கள் எல்லோரும் நடந்தோம். மேளக்காரர்கள் முன்னால் போனார்கள்.

மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழுந்தது. சடங்கு தெரிந்த பெரியவர் ஒருவர் கையில் பூணூலை வைத்துக்கொண்டு நின்றார். "சொக்காவ கழட்டுப்பா. துண்ட இடுப்புல கட்டு. பூணூலு வெறும் ஒடம்புலதான் கெடக்கணும்" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். நீயே வை அண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அப்பாவுக்குச் செய்துவிட்டார். அம்மாவுக்கு இருந்தது நான் ஒருவன். இப்போது ஒதுங்கினால், சட்டையைக் காப்பாற்றுவதற்காகத் தாயை விட்டவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட வேண்டும். அதுவும் ஒரு கட்டுத்தான், இதைவிட இறுக்கமான கட்டு.

பொத்தான்களை அவிழ்த்தேன். சட்டை, அதன்பின் பனியன். உள்ளே பட்டைத் துணியைப் பார்த்ததும் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, "இன்னாபா, காயமா?" என்று யாரோ கேட்டார்கள். துணியைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க அது வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று விழுந்ததும் காற்று பட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பட்ட காற்று. அதை அனுபவிக்கக்கூட முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். பெரியவர் பூணூலை நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார். மற்றவர்கள் சவுக்குத் தோப்பைப் பார்த்தார்கள். அண்ணன்தான் கிட்டே வந்தார்.

"இன்னாடா இது?"

"மாத்திரைண்ணா. மாத்திரயால வந்துது."

"இன்னாத்துக்கு மாத்திர?"

சொன்னேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கொண்டுவந்து மறுபடி கேட்டார். இரண்டாவது முறை கத்தினேன். "கேன்சருண்ணா. எலும்புக்குப் போயிடிச்சி."

அதற்குப் பிறகு அவர் என் மார்பைப் பார்க்கவில்லை. அங்கே நின்ற யாருமே பார்க்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இவ்வளவு நாள் மூடி மறைத்தது முலையைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தொட்டிச் சுவர்மேல் மெல்ல உட்கார்ந்தார். எழுபது வயதைக் கடந்த மனிதர், அம்மா செத்ததற்குக்கூட அதுவரை சத்தம் போட்டு அழாதவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். துண்டை எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எனுக்கு யாருடா கொள்ளி வெப்பாங்க?"

குடத்தைத் தொட்டியில் முக்கி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன்.

"தண்ணிய ஊத்துண்ணா. அம்மா காத்துகினு கீது."